கை நிற்காத எழுத்து

நனவோடை என்றதும் தமிழ் வாசகருக்கு நாவல்தான் நினைவுக்கு வரும். லா.ச.ராமாமிர்தம், நகுலன் என்று பெயர்கள் வரும். வெளியே போனால் ஜேம்ஸ் ஜாய்ஸ். மனதில் ஓடுவதை ஓடுகிறபடியே பிடித்துவைத்ததுபோலத் தோன்றும் ‘யுலிஸஸ்’ நாவலுக்கு ஜாய்ஸ் ஏழு ஆண்டுகள் உழைத்தார். அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்புத் தாள்களில்கூட ஓரமெல்லாம் நிரப்பிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஓட்டம் பாடுபட்டுக் கட்டிய ஒன்று. இந்த அத்தியாயத்தின் விஷயம் வேறு: வாசகர் என்று ஒருவருமே இல்லாத, அடித்தல் திருத்தல் இல்லாத, 15, 20 நிமிடம் கையை எடுக்காமல் எழுதுகிற பக்கம். துக்கம், கோபம், அவமானம், வெளியே சொல்ல முடியாத பயம் இவற்றோடு இருப்பவருக்கு அப்படி எழுதுவது உதவுமா, எதனால் உதவுகிறது, யாருக்கு உதவாது என்று பார்ப்போம். உதவும் என்பதே என் முடிவு. ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் காரணத்தை நான் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் மனம் லேசாகிவிடும் என்கிறார்கள். கொட்டுவதால் மட்டும் எதுவும் தீர்வதில்லை. கை நிற்காமல் ஓடும்போது, ‘இதை எழுதலாமா, இப்படி நினைக்கலாமா’ என்று நமக்குள் நடக்கும் தணிக்கைக்கு நேரம் கிடைப்பதில்லை. அதுவரை தனித்தனியாகக் கிடந்த விஷயங்கள் தாளில் பக்கத்துப் பக்கத்தில் வந்து விழுகின்றன. அவற்றுக்குள் இருக்கும் தொடர்பைப் பிறகு நாம் கண்டுகொள்வதில்தான் பலன் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் இந்த முறையின் விதிகள் ஒவ்வொன்றும் எதற்கு என்று விளங்கும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் விளங்கும்.

முறை புதியது இல்லை. 1823ல் லுட்விக் பெர்னே என்ற ஜெர்மன் எழுத்தாளர், மூன்றே நாளில் அசலான எழுத்தாளர் ஆவது எப்படி என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். சில தாள்களை எடுத்துக்கொண்டு மூன்று நாள் தொடர்ந்து, மனதில் வருவதைப் பொய்யோ பூச்சோ இல்லாமல் எழுதுங்கள் என்பதே அவர் சொன்ன வழி. பதின்வயதில் பெர்னேயை விரும்பிப் படித்த ஃப்ராய்ட், நோயாளியை மனதில் தோன்றுவதையெல்லாம் சொல்லவைக்கும் தன் முறைக்கு அந்தக் கட்டுரை தன்னை அறியாமலே தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்று 1920ல் ஒப்புக்கொண்டார். எழுத்துப் பயிற்சி நூல்களிலும் இது தொடர்ந்து வருகிறது. டோரதியா பிராண்ட் 1934ல், காலையில் வழக்கத்தைவிட முன்னதாக எழுந்து, பேசுவதற்கும் படிப்பதற்கும் முன்னால் எழுதச் சொன்னார். பீட்டர் எல்போ 1973ல் பத்து நிமிடம் நிறுத்தாமல் எழுதும் பயிற்சியை அமெரிக்க வகுப்பறைகளில் பரப்பினார். ஜூலியா கேமரனின் 1992ஆம் ஆண்டு நூல் தினமும் காலையில் மூன்று பக்கம் என்றது.

இவர்களையெல்லாம்விட நம் விஷயத்துக்கு நெருக்கமானவர் மேரியன் மில்னர் என்ற ஆங்கிலேயப் பெண். பின்னாளில் புகழ்பெற்ற உளப்பகுப்பாய்வாளர் ஆனவர். 1926ல், இருபத்தாறு வயதில், வெளிப்பார்வைக்குக் குறையில்லாத வாழ்க்கை இருந்தும், தனக்கு உண்மையில் எது மகிழ்ச்சி தருகிறது என்று தனக்கே தெரியவில்லை என்பதைக் கவனித்து நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். யோசித்து எழுதிய பகுதிகளில் அவருக்குக் கிடைத்தது ஏற்கெனவே தெரிந்த கருத்துகள்தான். இலக்கு எதுவும் வைக்காமல் கையை அதன் போக்கில் விட்டபோது வேறொரு மனம் தாளில் தெரிந்தது: படித்த பெண்ணாகத் தான் வைத்திருந்த கொள்கைகளோடு சற்றும் பொருந்தாத பயங்கள், குழந்தைத்தனமான எதிர்பார்ப்புகள். முக்கியமானது, அவர் எழுதியதோடு விட்டுவிடவில்லை. அந்தப் பக்கங்களைத் திரும்ப எடுத்துப் படித்தார், எங்கே எண்ணம் தாவியது, எதைத் தொட்டதும் விலகியது என்று பார்த்தார். அந்த ஆய்வுதான் 1934ல் ஜோஆனா ஃபீல்ட் என்ற புனைபெயரில் நூலாக வந்தது. கட்டுப்பாட்டை விட்டு எழுதுவது முதல் பாதி, எழுதியதை நிதானமாகப் பார்ப்பது மறுபாதி என்ற அமைப்பு அதில் தெளிவாக இருக்கிறது. பிற்காலத்தில் இந்த முறையைப் பரப்பியவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் மனக்குறை.

ஒரு பெண் தன்னைக் கவனித்து எழுதியதைச் சான்றாகக் கொள்ள முடியாது என்று சொல்பவர்களுக்கு, அரை நூற்றாண்டு கழித்துச் சோதனை வடிவில் பதில் கிடைத்தது. டல்லஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 46 மாணவர்களை நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள் எழுதவைத்தார்கள். ஆய்வு 1986ல் வெளிவந்தது. ஒரு குழு உணர்ச்சிக்கு இடமில்லாத சாதாரண விஷயங்களை எழுதியது. மற்ற மூன்று குழுக்களும் வாழ்க்கையில் தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தை எழுதின. ஆனால் ஒரு குழு நடந்ததை மட்டும், ஒரு குழு உணர்ந்ததை மட்டும், ஒரு குழு இரண்டையும் சேர்த்து. எழுதி முடித்த கையோடு பார்த்தபோது, உணர்வுகளைத் தொட்டு எழுதியவர்களின் மனநிலை மோசமாகியிருந்தது, ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. கொட்டினால் லேசாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு முதல் அடி அங்கேயே விழுந்துவிட்டது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதிய குழு பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. நடந்ததை மட்டும் ஒரு புகார் மனுபோல எழுதியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. 1999ல் ஜோஷுவா ஸ்மித்தும் சகாக்களும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வு ஆஸ்துமாவும் முடக்குவாதமும் உள்ளவர்களைப் பற்றியது. மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம் தங்கள் வேதனையை எழுதியவர்களில் 47 சதவீதம் பேருக்கு நான்கு மாதம் கழித்து நோய்நிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. சாதாரண விஷயம் எழுதியவர்களில் அது 24 சதவீதம். எல்லோரும் வழக்கமான மருந்துகளைத் தொடர்ந்துகொண்டேதான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருந்துக்குப் பதில் நோட்டுப் புத்தகம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எது வேலை செய்கிறது என்பதற்கான துப்பு எழுதியவர்களின் சொற்களிலேயே கிடைத்தது. 1997ல் பென்னிபேக்கர் குழு, சோதனைகளில் எழுதப்பட்ட பக்கங்களைக் கணினியில் ஏற்றிச் சொல்வகைகளை எண்ணிப் பார்த்தது. முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குப் போகப் போக, காரணம் சொல்லும் சொற்களும் புரிதலைக் காட்டும் சொற்களும் யாருடைய பக்கத்தில் கூடிக்கொண்டே வந்தனவோ அவர்களுக்கே உடல்நலம் தேறியிருந்தது. தமிழில் என்றால் ‘ஏன்னா’, ‘அதனாலதான்’, ‘இப்பத்தான் தெரியுது’, ‘அப்ப அது இதுக்குத்தானா’ போன்றவை. முதல் நாளே இவற்றை நிறைய எழுதியவர்களுக்கு, அதாவது ஏற்கெனவே சீரான கதையோடு வந்து உட்கார்ந்தவர்களுக்கு, அதிகப் பலன் இல்லை. குழப்பத்தில் தொடங்கி, எழுத எழுதத் தொடர்பு உண்டாக வேண்டும். நிறுத்தாமல் எழுதச் சொல்வதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. யோசித்து எழுதினால் நாம் நமக்கே பலமுறை சொல்லிப் பழகிய கதையைத்தான் எழுதுவோம். அதில் யார் கெட்டவர், யார் பாவம் என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். பென்னிபேக்கரின் ஆய்வுக்கூடத்து அறிவுரையும் இதையே சொன்னது: எழுத்துப்பிழை, இலக்கணம் பார்க்காதீர்கள், தொடங்கினால் நேரம் முடியும்வரை நிறுத்தாதீர்கள்.

இது தாளில் எப்படி நிகழும் என்பதற்கு, விளக்கத்துக்காக அமைத்த ஒரு பக்கத்தைப் பாருங்கள். ‘கரண்ட் பில்லு கட்டணும் நாளைக்குக் கடைசி நாளு, மாடியில துணி காயுது மழ வர்ற மாதிரி இருக்கு, இதெல்லாம் எதுக்கு எழுதுறேன்னு தெரியல, கை வலிக்குது, தங்கச்சிக்குப் போன் போட்டேன் எடுக்கல, எடுக்காட்டிப் போகட்டும் எனக்கென்ன, எப்பவும் நான்தான் கூப்புடணுமா, அம்மா இருந்த வரைக்கும் ஞாயித்துக்கெழம ஆனா வந்துருவா, இப்ப வீட்ட விக்கிறதப் பத்தி மாமாகிட்டப் பேசியிருக்கா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல, வீடு போனாப் போகுது, கேக்கலியே, அம்மா போனப்புறம் அந்த வீட்ல நான் யாருன்னு’. மின்கட்டணத்தில் தொடங்கியது எங்கே போய் நிற்கிறது பாருங்கள். யோசித்து எழுதியிருந்தால் இந்தப் பெண் தங்கையின் மரியாதைக் குறைவைப் பற்றி எழுதியிருப்பார், அது நியாயமான புகாராகவும் இருந்திருக்கும். ஓட்டத்தில் எழுதியதால் தங்கை மேல் உள்ள கோபமும் தாய் இல்லாத வெறுமையும் ஒரே வரியில் வந்து நிற்கின்றன. எழுதியவர் இன்னும் அதைக் கவனிக்கவில்லை. மறுநாளோ மூன்றாம் நாளோ ‘அவளுக்கும் அந்த வீட்டுக்குள்ள போக முடியலபோல, அதனாலதான் வித்துரலாங்கிறாளோ’ என்று ஒரு வாக்கியம் வந்தால், அந்தப் பக்கம் தன் வேலையைச் செய்துவிட்டது. வீடு விற்கப்படலாம், விற்கப்படாமலும் போகலாம். தங்கையோடு பேசப்போகிறவர் மாறியிருப்பார்.

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிக வலுவானது, கோபத்தைக் கிளறினால் அது வளரவே செய்யும் என்பது. இதை மறுப்பதற்கில்லை. மனம் குக்கரைப் போன்றது, ஆவியை வெளியே விட்டால் அடங்கிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பிராட் புஷ்மன் 2002ல் வெளியிட்ட ஆய்வு அதை உடைத்தது. 600 கல்லூரி மாணவர்களைக் கோபப்படுத்தி, ஒரு பகுதியினரை, தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தவைத்தார். எதுவுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. ‘அவன் நாசமாப் போக’ என்று இருபது நிமிடம் எழுதுவதும் தாளில் குத்துவதுதான். அதனால் வசவே எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்தால் வரட்டும், தடுத்தால் தணிக்கை திரும்பி வந்துவிடும். ஆனால் வசவிலேயே பக்கம் முடிந்து, மறுநாளும் அதே வசவு அதே சொற்களில் வந்தால், அந்தப் பக்கம் எதையும் இணைக்கவில்லை, பழைய தடத்தை ஆழமாக்குகிறது என்று பொருள்.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு, அது கோபக்காரர்களுக்கு இல்லை, ஓயாமல் யோசிப்பவர்களுக்கு. ‘ஏன் எனக்கு இப்படி, நான் அன்னைக்கு அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால்’ என்று ஒன்றையே சுற்றிச் சுற்றி வரும் மனப்பழக்கம் மனச்சோர்வை நீட்டிக்கிறது என்பதை சூசன் நோலன்-ஹோக்ஸிமா பல ஆண்டு ஆய்வுகளில் காட்டினார். டேவிட் ஸ்பாராவும் சகாக்களும் 2013ல் வெளியிட்ட ஆய்வு, அண்மையில் துணையைப் பிரிந்த 90 பேரைப் பற்றியது. பிரிவுக்கு அர்த்தம் தேடித் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தவர்களை உணர்ச்சிகளை எழுதவைத்தபோது, பல மாதங்கள் கழித்து அவர்கள் தேறியது குறைவாக இருந்தது. அதே வகை மனிதர்களில், அன்றாட நடப்பைச் சாதாரணமாக எழுதியவர்களே நன்றாகத் தேறினார்கள். இந்த முடிவை மறைத்துவிட்டு எழுத்தைப் பரிந்துரைப்பது நேர்மை ஆகாது. இரவு படுத்தால் அதே நினைவு, எழுந்தால் அதே நினைவு என்று இருப்பவர் நீங்கள் என்றால், தாள் இன்னொரு படுக்கையாக மாறிவிடலாம். உங்களுக்கு இரண்டு வழி உண்டு. அந்த விஷயத்தை விட்டுவிட்டு, இன்று காலையிலிருந்து என்ன செய்தீர்கள், என்ன சமைத்தீர்கள், பேருந்தில் யாரைப் பார்த்தீர்கள் என்று எழுதலாம். அல்லது அதே விஷயத்தை ‘நான்’ என்று எழுதாமல் உங்கள் பெயரைப் போட்டு, மூன்றாம் மனிதரைப் பார்ப்பதுபோல எழுதலாம். தன் நினைவைச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவர்கள் அதே சுழலில் குறைவாகச் சிக்குகிறார்கள் என்பதை ஈதன் கிராஸ், ஓஸ்லெம் ஐடுக் இருவரின் ஆய்வுகள் காட்டுகின்றன. நாளுக்கு நாள் ‘நான்’ என்பதிலிருந்து ‘அவள்’, ‘நாங்கள்’ என்று பார்வை மாறிக்கொண்டிருந்தவர்களின் உடல்நலம் கூடுதலாகத் தேறியது என்பது 2003ல் பென்னிபேக்கரும் ஷெர்லாக் காம்ப்பெல்லும் கண்ட முடிவு. பார்வை நகர வேண்டும். ஒரே இடத்தில் நின்று எவ்வளவு ஆழமாக எழுதினாலும் போதாது.

இனி, தமிழில் எழுத உட்காருபவருக்கு வரும் ஒரு சிக்கல். ஆங்கில நூல்கள் இதைப் பற்றிப் பேசாது. நாம் பேசும் தமிழ் ஒன்று, எழுதும் தமிழ் வேறு. ஒன்றாம் வகுப்பிலிருந்து, பேசுவதுபோல எழுதினால் சிவப்பு மையில் சுழிக்கப்பட்டு வளர்ந்தவர்கள் நாம். தாளைக் கண்டதும் கை தானாக ‘மிகுந்த மன வருத்தத்திற்கு உள்ளாகியிருக்கிறேன்’ என்று தொடங்கும். அது விடுப்பு விண்ணப்பத்தின் மொழி. ‘அழுகையா வருது, யார் மூஞ்சியிலயும் முழிக்கப் பிடிக்கல’ என்று நினைத்தவர் தாளுக்கு வருவதற்குள் இன்னொருவராகிவிடுகிறார், தணிக்கை வேலையை இலக்கணமே செய்துவிடுகிறது. உணர்ச்சி எந்த மொழியில் பதிந்ததோ அந்த மொழியில்தான் உடலும் அசைகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. துருக்கி மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களைக் கொண்டு கேத்தரின் ஹாரிஸ் குழு 2003ல் வெளியிட்ட சோதனையில், சிறுவயதில் கேட்ட திட்டுகளைத் தாய்மொழியில் கேட்டபோது தோலின் மின்கடத்தல் மாற்றம், அதாவது உடலின் உணர்ச்சி எழுச்சி, ஆங்கிலத்தில் கேட்டதைவிட அதிகமாக இருந்தது. ஆகவே உங்கள் வீட்டுத் தமிழில் எழுதுங்கள். திருநெல்வேலியோ, கோயம்புத்தூரோ, யாழ்ப்பாணமோ, மலையகமோ, எந்த வழக்கில் உங்களைத் திட்டினார்களோ, கொஞ்சினார்களோ அந்த வழக்கில். இடையில் ஆங்கிலச் சொல் வந்தால் வந்தபடி எழுதுங்கள். ஒற்றுப்பிழை, லகர ளகர மயக்கம் எதற்கும் நிற்க வேண்டாம். எழுத்துத் தமிழுக்கும் ஒரு பயன் உண்டு: விஷயம் தாங்க முடியாத சூடாக இருந்தால், எழுத்துத் தமிழோ ஆங்கிலமோ தரும் தூரம் அன்றைக்குத் தேவைப்படலாம். மூன்றாம் மனிதராக எழுதுவதைப் போல அதுவும் ஒரு கருவிதான், தெரிந்தே எடுத்துக்கொண்டால்.

உட்காரும் முறை எளியது. யாரும் கூப்பிடாத 20 நிமிடம் வேண்டும். அலாரம் வைத்துவிடுங்கள், முடியும் நேரம் முன்பே தெரிந்தால்தான் உள்ளே இறங்கத் துணிவு வரும். எதைப் பற்றி என்று முழு வாக்கியமாக முடிவு செய்ய வேண்டாம். ஒரு பெயரோ இடமோ தேதியோ போதும். கை நின்றால் கடைசியாக எழுதிய சொல்லையே திரும்ப எழுதுங்கள், அல்லது ‘ஒண்ணும் வரல ஒண்ணும் வரல’ என்று எழுதுங்கள். எல்போவின் வகுப்பறை உத்தி இது, அபத்தமாகத் தோன்றினாலும் ஓரிரு வரிக்குள் வேறு ஏதாவது வந்துவிடும். முதல் ஐந்து நிமிடம் பெரும்பாலும் மளிகைக் கணக்காகத்தான் இருக்கும், அதைக் கண்டு சோர்ந்து எழுந்துவிடாதீர்கள். நோட்டா, கணினியா என்பதில் பிடிவாதம் வேண்டாம். கைபேசி மட்டும் எனக்கு உவப்பில்லை. அது சொல்லைத் திருத்திக்கொண்டே வருகிறது, மேலே வாட்ஸ்அப் தகவல் வந்து விழுகிறது, எழுதியதை ஒருவருக்கு அனுப்பிவிடும் பொத்தானும் பக்கத்திலேயே இருக்கிறது. எத்தனை நாள்? மூன்று முதல் ஐந்து நாள். ஜோஆன் ஃப்ராட்டரோலி 2006ல் 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குறைந்தது மூன்று அமர்வும் அமர்வுக்கு 15 நிமிடமாவதும் இருந்த ஆய்வுகளில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஆண்டு முழுவதும் தினமும் எழுதுவதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. தினமும் எழுதி மகிழ்பவரை நான் தடுக்கவில்லை, ஒரு காயத்தைத் தினமும் தொட்டுப் பார்ப்பதைத்தான் தடுக்கிறேன். தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு இதன் சிறிய வடிவம் போதும். பயத்தில் உறைந்துபோகும் மாணவர்கள், தேர்வுக்குச் சற்று முன்பு 10 நிமிடம் தங்கள் கவலையை எழுதியபோது மதிப்பெண் கூடியது என்று ஹெரார்டோ ரமீரெஸ், ஷான் பெய்லாக் ஆய்வு 2011ல் காட்டியது. அந்த நேரத்தில் அம்மா அப்பா எட்டிப் பார்க்கக் கூடாது.

மறுபாதிக்கு வருவோம். எழுதிய பக்கத்தை எட்டு வாரம் திரும்பிப் பார்க்காதே என்று கேமரன் சொல்கிறார். படைப்பு வறண்டுபோனவருக்கு அது சரியாக இருக்கலாம், துயரத்தோடு வருபவருக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. எழுதிய உடனே படிக்க வேண்டாம், மனம் அப்போது கலங்கியிருக்கும். கடைசி நாள் எழுதி முடித்து ஒரு நாள் விட்டு, எல்லாப் பக்கத்தையும் சேர்த்து ஒருமுறை படியுங்கள். நடை எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, எந்த இடத்தில் பேச்சு திடீரென்று வேறு பக்கம் போகிறது, யாருடைய பெயர் வரவே இல்லை என்று பாருங்கள். பிறகு தனித் தாளில் நிதானமாக மூன்று வாக்கியம் எழுதுங்கள்: என்ன நடந்தது, அது எனக்கு என்ன செய்தது, எதனால் என்று இப்போது நினைக்கிறேன். இந்த மூன்றும் யோசித்து எழுதவேண்டியவை. மூன்றாவது வாக்கியம் வரவில்லை என்றால் வலிந்து எழுத வேண்டாம், விட்டுவிட்டுச் சில வாரம் கழித்துப் பார்க்கலாம்.

எழுதிய தாள்களை என்ன செய்வது என்பது நம் வீடுகளில் சிறிய கேள்வி இல்லை. தனி அறை, பூட்டும் இழுப்பறை எல்லோருக்கும் கிடையாது. மாமியாரோ கணவரோ பிள்ளையோ எடுத்துப் படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், பேனா எடுப்பதற்கு முன்பே தணிக்கை தொடங்கிவிடும். ஓட்டத்தில் எழுதியது அந்த நிமிடத்து உண்மை; அதை மற்றவர் உங்கள் தீர்ப்பாக எடுத்துக்கொள்வார், அந்தக் காயம் ஆறுவது கடினம். எனவே தாளின் கதியை உட்காருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். மூன்று வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிடலாம், அடுப்பிலும் போடலாம். அதில் இழப்பு எதுவும் இல்லை. பாப்லோ பிரின்யோல் குழுவின் 2013ஆம் ஆண்டுச் சோதனைகளில், தங்கள் உடலைப் பற்றிய எண்ணங்களை எழுதித் தாளைக் குப்பைத் தொட்டியில் போட்டவர்களின் மேல் அந்த எண்ணங்களின் பிடி தளர்ந்தது, பத்திரமாக வைத்துக்கொண்டவர்களிடம் தளரவில்லை. யாருக்கு எதிராக எழுதினீர்களோ அவருக்கே அதை அனுப்பும் ஆசை வரும். அனுப்ப வேண்டாம். அவரிடம் சொல்லவேண்டியது இருந்தால், அதைச் சொல்வதற்குரிய மொழியில் தனியாக எழுதலாம்.

பலன் எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஃப்ராட்டரோலி தொகுத்த 146 ஆய்வுகளின் சராசரிப் பலன் சிறியது. இல்லை என்று தள்ள முடியாது, அற்புதம் என்று கொண்டாடவும் முடியாது. ஆனால் செலவு ஒரு பேனாவும் சில தாளும் நான்கு நாளும் மட்டுமே என்ற முறைக்கு, சிறிய பலனும் முயன்று பார்க்கப் போதுமான காரணம். நெருங்கியவரிடம் பேசுவதுதானே மேல் என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. துணையைத் தற்கொலையிலோ விபத்திலோ இழந்தவர்களைப் பற்றி 1984ல் பென்னிபேக்கரும் ராபின் ஓஹீரனும் செய்த சிறு ஆய்வில், நண்பர்களிடம் அதிகம் பேசியவர்களுக்கு உடல் கோளாறுகள் குறைவாகவே இருந்தன. பேச ஆள் இருந்தால் பேசுங்கள். கடன், கருக்கலைப்பு, வீட்டுக்குள் நடந்த அத்துமீறல், சாதி மாறிய காதல் என்று சொன்னால் விளைவு தனக்கே வந்து சேரும் விஷயங்கள் நம்மிடையே ஏராளம். தாள் அவற்றைச் சுமப்பவர்களுக்கானது. எழுதுவதால் வெளியே என்ன மாறிவிடும், வேலை போனது போனதுதானே என்பது இன்னொரு மறுப்பு. 1994ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட நடுவயதுத் தொழில் வல்லுநர்கள் அந்த இழப்பைப் பற்றி ஐந்து நாள் எழுதினார்கள். எழுதாதவர்களைவிட அவர்களுக்கு விரைவில் வேலை கிடைத்தது, இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாக விண்ணப்பம் போடவில்லை. பழைய நிறுவனத்தின் மேலிருந்த கசப்பு நேர்முகத் தேர்வில் முகத்தில் தெரியாமல் போனதுதான் காரணமாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம், எனக்கும் அது ஏற்புடையது.

யார் தனியாக இதைச் செய்யக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இழப்போ தாக்குதலோ நடந்து சில வாரமே ஆகியிருந்தால் காத்திருங்கள். அப்போது தேவை உறக்கமும் சாப்பாடும் கூட ஓர் ஆளும். எழுதினால் நிலைகுலைந்துவிடுவேன் என்று தோன்றினால் எழுதவே வேண்டாம் என்பது பென்னிபேக்கரே வைத்த விதி. பேரதிர்ச்சி தந்த நினைவுகளை எழுத்தின் வழி அணுகும் முறையான சிகிச்சை இருக்கிறது; டெனிஸ் ஸ்லோன், பிரையன் மார்க்ஸ் இருவரும் வகுத்த அந்த ஐந்து அமர்வுச் சிகிச்சை, அதைவிட நீண்ட 12 அமர்வுச் சிகிச்சைக்குக் குறைந்தது இல்லை என்று 2018ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனால் அது பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க நடப்பது. நீங்கள் எழுதும் பக்கத்தில் ‘நான் இல்லாமப் போயிட்டா நல்லது’ என்பதுபோன்ற வரி வந்தால், அன்றே எழுத்தை நிறுத்திவிட்டு ஒருவரைக் கூப்பிடுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது.

மற்றவர்கள், நான்கு நாள் முடிந்ததும் பலனை உடனே தேடாதீர்கள். எழுதிய அன்று மனம் கனப்பது இயல்பு, ஒரு நாளில் அது தணிய வேண்டும், தணியவில்லை என்றால் இடைவெளி விடுங்கள். ஒரு மாதம் கழித்து வேறு சிலவற்றைப் பாருங்கள்: உறக்கம் எப்படி, அந்தப் பெயர் பேச்சில் வரும்போது குரல் மாறுகிறதா, தள்ளிப்போட்டுவந்த ஒரு தொலைபேசி அழைப்பைச் செய்துவிட்டீர்களா. எதுவும் நகரவில்லை என்றால் இந்த முறை உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று வைத்துக்கொண்டு, நடையோ பேச்சோ மருத்துவரோ எது கைக்கெட்டுகிறதோ அதைத் தேடுங்கள். நகர்ந்திருந்தால், இன்னொரு விஷயத்துக்கு இன்னொரு நான்கு நாள் ஒதுக்கலாம்.